கண்டி வீதியின் மறுமுனை: யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குக் கண்டி முதலில் ஒரு வீதியின் பெயர். கச்சேரியடி, அரியாலை, நாவற்குழி, சாவகச்சேரி என்று போகும் கண்டி வீதியில் தினமும் சைக்கிள் ஓட்டியவர்கள்கூட அதன் அடுத்த முனையைப் பார்த்திருக்க மாட்டார்கள். போர்க்காலத்தில் அந்த வீதி வருடக்கணக்கில் மூடிக்கிடந்தது. 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் நிரந்தரமாகத் திறந்தது. நான் பல தடவை போய் வந்தவன் என்பதால், போக நினைக்கும் உறவினரும் அயலவரும் என்னிடம் விசாரிப்பார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

எவ்வளவு தூரம்? பஸ்ஸா, ரயிலா, வானா?

ஏ-9 என்ற இந்தக் கண்டி வீதி வழியாக 320 கிலோமீற்றர் சொச்சம். வீதியின் தொடக்கம் கண்டி, முடிவு யாழ்ப்பாணம். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஓரிடம் இருக்கிறதல்லவா, அந்த 155 கண்டியிலிருந்து எண்ணி வந்த மைல் கணக்கு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், வழி முழுக்கக் கட்டை எண்ணிக்கொண்டு வருவார்கள்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கண்டிக்கு நேரடி பஸ் உண்டு. எட்டு மணித்தியாலம் அளவில் பிடிக்கும். ரயிலில் நேரே போக முடியாது. கொழும்பு ரயிலில் ஏறிப் பொல்கஹவெலவில் இறங்கி, மலைப்பாதை ரயிலுக்கு மாற வேண்டும். சுற்றுத்தான், ஆனால் ரம்புக்கணைக்குப் பிறகு கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே தெரியும் பள்ளத்தாக்குக்காக அந்தச் சுற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை தடைப்படுவது உண்டு. புறப்படுமுன் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

குடும்பமாக ஏழெட்டுப் பேர் என்றால் வான்தான் வசதி. என் ஆலோசனை, இரவுப் பயணம் வேண்டாம். விடிய நாலரைக்குப் புறப்பட்டால் ஆனையிறவில் வெளிச்சம் வரும், மாத்தளையில் மதியச் சாப்பாடு. பனையும் உப்புவெளியுமாகத் தொடங்கிய வழி வன்னிக் காடாகி, தம்புள்ளைப் பாறைகளைக் கடந்து, மாத்தளையில் மிளகுக் கொடியும் கொக்கோவுமாக மாறும். தூங்கிப்போனால் இது ஒன்றும் கிடைக்காது.

பிள்ளைகளுக்கு வளைவுகளில் வாந்தி வருமே?

வரும். எங்கள் குடாநாட்டில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, பிள்ளைகளின் உடம்பு அதற்குப் பழகியிருக்காது. மாத்தளை தாண்டிப் பலகடுவ ஏற்றத்தில்தான் முதல் சோதனை. அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்தே எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காதீர்கள். முன் இருக்கையில் வைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், போனைப் பறித்துவிடுங்கள். தேசிக்காயைக் கீறி மணக்கக் கொடுத்தால் என் மகளுக்குச் சரியாகிவிடும். அதையும் மீறினால் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள்.

ஒரு நாள் போதுமா?

போதாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நான் முதன்முதல் போனது ஒரே நாள் கணக்கில்தான். புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, கடைத்தெரு என்று ஓடினோம். அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகமிருப்பது பஸ் ஜன்னல் மட்டுமே. வாவியைப் பார்த்தேனா என்பதே நினைவில்லை. இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் பின்னேரம் வாவிக்கரை, இரண்டாம் நாள் விடிய மாளிகை, பிறகு பேராதனை, மூன்றாம் நாள் மலைப்பக்கத்துப் பழைய கோயில்கள் ஒன்றிரண்டு. அவ்வளவுதான். இன்னும் நிரப்ப வேண்டாம்.

குளிருமா? எந்த மாதம் போகலாம்?

கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம்தான், நுவரெலியாவைப் போல நடுங்க வைக்காது. பகலில் நல்ல வெயிலே எறிக்கும். டிசம்பர், ஜனவரி விடியலில் ஒரு மெல்லிய சுவெட்டர் போதும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை அடித்துப் பெய்யும், அப்போது அக்குறணைப் பக்கம் வெள்ளம் ஏறி வீதி தடைப்படுவதும் உண்டு. எந்த மாதம் என்றாலும் குடை எடுத்துப் போங்கள். வாவிக்கரையில் அது மழைக்கு மட்டும் உதவுவதில்லை, மரங்களில் அடையும் பறவைகளின் எச்சத்திலிருந்தும் காப்பாற்றும்.

பெரஹராவுக்குப் போவது நல்லதா?

தலதா மாளிகையின் ஆண்டு ஊர்வலம்தான் பெரஹரா, ஒரு தடவையாவது பார்க்க வேண்டியது. ஐந்து இரவு கும்பல் பெரஹரா, ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா என்று பத்து இரவு நடக்கும். தீப்பந்தம், சாட்டை, கண்டிய மேளம், நடனம், அலங்கரித்த யானைகள் என்று வரிசை வரிசையாக வரும். கடைசியில் கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் நீர்வெட்டு. நல்லூர்த் தீர்த்தம் பார்த்தவர்களுக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஆட்களுக்கு உள்ள ஒரே சங்கடம் நாள்தான். பெரும்பாலும் நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டியே பெரஹராவும் தொடங்கும். 25 நாள் விரதம் பிடிக்கிறவர்கள் எப்படிப் போவது? முடிந்தவர்கள் கும்பல் நாட்களில் போங்கள், கூட்டம் குறைவு. ரந்தோலி நாட்களில் அறை வாடகை பல மடங்கு ஏறும். வீதியோரத்தில் இடம் பிடிக்க மத்தியானமே போய்க் குந்த வேண்டும்.

வாவியில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது? ஒரு குளம்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், நான் அதிகம் பேச விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

கண்டி வாவி இயற்கையாக உண்டானதல்ல. மாளிகைக்கு முன்னால் வயலாகக் கிடந்த தாழ்நிலத்தில் அணை கட்டி, 1807இல் தொடங்கி, கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் உருவாக்கினான். சிங்களத்தில் அதற்குக் கிரி முகுத என்று பெயர். தமிழில் சொன்னால் பாற்கடல். கரையோரம் அலை அலையாக நெளிந்து ஓடும் வெள்ளை மதிலைப் பாருங்கள், அதன் பெயர் வலாகுளு பம்ம, முகில் மதில். மதிலில் விளக்கு வைக்கச் சிறு மாடங்கள் விட்டிருக்கிறார்கள். பாற்கடலின் கரையில் முகில். கட்டிய சிற்பி தேவேந்திர மூலாச்சாரி என்று சொல்வார்கள். மாளிகையின் முகமாக எல்லாப் படங்களிலும் வரும் எண்கோண மண்டபமும் அவர் கைவேலைதான்.

ஆனால் அந்த அழகுக்குக் குடிகள் கொடுத்த விலையும் பெரிது. ஆயிரக்கணக்கானவர்களைக் கட்டாய வேலையில் இறக்கி மண் சுமக்க வைத்தார்கள். அரசனைக் குடிகளும் பிரதானிகளும் வெறுத்ததற்கு இந்தக் கட்டட வேலைகளும் ஒரு காரணம். வாவி நிறைந்து சில வருடங்களிலேயே அவனுடைய அரசு போய்விட்டது. நடுவில் தெரியும் சிறு தீவை ஆங்கிலேயர் வெடிமருந்துக் களஞ்சியமாக்கினார்கள்.

சுற்றி நடக்க மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆறுதலாக நடந்தால் ஒரு மணித்தியாலம். விடிய ஆறு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். மாளிகையிலிருந்து மேளச் சத்தம் தண்ணீர் மேல் வரும், மலைகளின் நிழல் இன்னும் வாவிக்குள் கிடக்கும், நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். கரையில் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு படுத்திருந்தால் பயப்பட வேண்டாம், கிட்டப் போகவும் வேண்டாம். மாளிகைக்கு எதிர்க்கரைதான் அமைதி. அங்கே ஒரு வாங்கில் இருந்து பாருங்கள்.

கடைசி அரசன் தமிழன் என்கிறார்களே, உண்மையா?

அவன் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி. இயற்பெயர் கண்ணுச்சாமி. கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்து வந்தார்கள். 1739இல் சிங்கள வழியில் வாரிசு இல்லாமல் போகவே, அரசியின் சகோதரன் சிம்மாசனம் ஏறினான். அதிலிருந்து 1815 வரை நான்கு நாயக்க அரசர். வீட்டுமொழியில் தெலுங்கும் தமிழும் கலந்திருக்கும், பிறப்பால் சைவ, வைணவக் குடும்பம், ஆட்சியிலோ பௌத்தத்தின் காவலர்கள். நலிந்துபோயிருந்த பிக்கு சங்கத்துக்கு 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) குருமாரை அழைத்து உயிர் கொடுத்தவனும், பெரஹராவை இன்றைய அமைப்புக்குக் கொண்டுவந்தவனும் அதே நாயக்க வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். ஆகவே 'எங்கள் அரசன்', 'அவர்கள் அரசன்' என்று இந்த ஊரில் கோடு கிழிக்க முடியாது. எனக்குக் கண்டி பிடித்துப்போனதற்கு முதல் காரணமே இதுதான்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது மாளிகை வளவில் இருக்கும் மகுல் மடுவவில். செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் திறந்த மண்டபம். கட்டாயம் போய் நில்லுங்கள். இலங்கையின் கடைசி முடியாட்சி அந்தக் கூரையின் கீழேதான் முடிந்தது. அரசனையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. மாளிகைக்குக் கிட்ட மலபார் வீதி என்று ஒன்று இருக்கிறது, அரசனின் உறவினர் குடியிருந்த தெரு. மலபார் என்பது அக்காலத்து ஐரோப்பியர் தமிழருக்கு வைத்த பெயர்.

தலதா மாளிகைக்குள் நாங்கள் போகலாமா? என்ன உடுப்பு?

தாராளமாகப் போகலாம். எந்த மதத்தவரும் போகலாம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். வேட்டி, சேலை என்றால் கேள்வியே இல்லை. வாசலில் எல்லாரையும் சோதிப்பார்கள், அடையாள அட்டை கையோடு இருக்கட்டும்.

பூசை நேரம் விடிய 5.30, 9.30, பின்னேரம் 6.30. அப்போதுதான் மேல்மாடி அறைக் கதவு திறக்கும். தெரிவது பொற்பேழை, புத்தரின் தந்தம் அதற்குள் இருக்கிறது. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு கணம்தான் கிடைக்கும். கையில் தாமரையோ நீலோற்பலமோ வாங்கிக்கொண்டு போங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், அவர்களுக்கு அது பெரிய அவமரியாதை. போயா நாளில் கூட்டம் நெரியும்.

'தமிழர் போனால் முகம் சுளிப்பார்களா?' என்று வயதானவர்கள் மெல்லிய குரலில் கேட்பதுண்டு. 1998 ஜனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகளின் குண்டு லொறி மாளிகை வாசலில் வெடித்தது. ஆட்கள் இறந்தார்கள், முகப்பு உடைந்தது. அது நடந்ததை மறைத்துப் பேச வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த ஊர்க்காரருக்கு, தாங்கள் போற்றும் கட்டடம் உடையும்போது ஒரு சனத்துக்கு வரும் வலி தெரியும். நான் போன ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத்தான் நடத்தப்பட்டேன். ஒருமுறை வரிசையில் நின்ற ஒரு சிங்கள அம்மா என் மகளின் கையில் பூ இல்லை என்று தன்னுடையதில் பாதியைக் கொடுத்தார்.

திரும்பும்போது ராஜா என்ற யானையையும் பார்த்துவிட்டு வாருங்கள். பேழையைச் சுமந்த யானை, 1988இல் இறந்தது. பாடம் செய்து தனிக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கும்பிட எங்கள் கோயில்கள் இருக்கின்றனவா?

கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலுக்கு முதல் நாளே போய்விடலாம். மாளிகையைச் சுற்றியே நான்கு தேவாலயங்கள் உண்டு: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி. கதிர்காமத் தேவாலயம் எங்கள் முருகனுக்கு. பத்தினி என்பவள் கண்ணகி. ஈழத்துக்குக் கண்ணகி வழிபாட்டைக் கொண்டுவந்தது கஜபாகு மன்னன் என்பது வழிவழி வந்த கதை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் பானை சுமந்து போகும் சனம் பத்தினி தேவாலய வாசலில் நின்றால் தங்கள் அம்மாளை அடையாளம் கண்டுகொள்ளும். அம்மை, சின்னமுத்து என்றால் அங்கேயும் அவளிடம்தான் நேர்த்தி வைப்பார்கள்.

பேராதனைப் பல்கலைக்கழக வளவுக்குள் மேட்டில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. இந்து மாணவர்களின் முயற்சியில் எழுந்தது. என் பெரியப்பா அங்கே படித்தவர். பரீட்சைக்கு முதல் நாள் அந்தப் படியேறாத யாழ்ப்பாணப் பொடியன் இல்லை என்பார்.

பேராதனைப் பூங்காவில் எதைத் தவறவிடக் கூடாது?

147 ஏக்கர், மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. நகரத்திலிருந்து ஆறு கிலோமீற்றர் அளவு. விடியவே போங்கள், அரை நாள் ஒதுக்குங்கள். ஓர்க்கிட் வீட்டில் எல்லாரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். அதன் பிறகு பெரிய புல்வெளியில் குடை விரித்தது போல் கிடக்கும் அத்தி இன மரம். ஒரே மரம் என்று நம்ப நேரம் எடுக்கும். 1901இல் பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் நட்ட நாகலிங்க மரம் இன்னும் பூக்கிறது. சிவலிங்கத்துக்கு மேல் நாகம் படம் எடுத்த மாதிரி இருக்கும் அந்தப் பூவை அம்மம்மாமாருக்குக் கட்டாயம் காட்டுங்கள். உயரக் கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்கும்.

பனைமரச் சாலை ஒன்றும் உண்டு. கமுகு போல நேர்த்தியான வேற்றுநாட்டு மரங்களுக்கு நடுவில் எங்கள் வேலியோர மரம் அணிவகுத்து நிற்கிறது. முதல் தடவை அதைக் கண்டபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊரில் செல்லடித்துத் தலையில்லாமல் நின்ற பனைகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஒரு கீறலும் இல்லாமல் நின்ற அந்த வரிசை வேறு மாதிரிப் பட்டது.

ஆற்றங்கரைக்கும் இறங்கிப் பாருங்கள், ஆனால் தண்ணீரில் இறங்க வேண்டாம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. ஓடும் ஆற்றை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளையின் முகம் பார்க்க வேண்டிய ஒன்று.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?

போகலாம். வாவிக்கரை சமதரை. பூங்காவில் வாசலருகே உள்ள பகுதிகளே போதும். மாளிகையில் படிகள் உண்டு, கைபிடித்து ஏற்ற வேண்டும். பஹிரவகந்த புத்தர் சிலைக்கு ஓட்டோ பிடித்தால் மேலே வரை போகும், அங்கிருந்து நகரமும் வாவியும் ஒரே பார்வையில் தெரியும். உடவத்தகெலே காட்டை அம்மாவுக்கு விட்டுவிடுங்கள். மழை ஈரத்தில் வழுக்கும், அட்டையும் கடிக்கும். மற்றவர்கள் போவதானால் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள்.

சாப்பாடு?

நகரத்தில் சைவக் கடைகள் இருக்கின்றன, தோசை, இடியப்பத்துக்குக் குறைவில்லை. முஸ்லிம் கடைகளில் கொத்து நன்றாக இருக்கும். எங்கள் உறைப்பை எதிர்பார்க்காதீர்கள். பிளேன்ரீ மட்டும் எங்கே குடித்தாலும் ஊரில் குடிப்பதைவிட ஒரு படி மேல்.

சிங்களம் தெரியாது. சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். கடைத்தெருவில் தமிழ் பேசுகிறவர் பலர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் வாழும் தமிழர் மலையக மக்கள். 1820களில் கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்தரையில் தொடங்கிய தேயிலைக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்தவர்களின் வழியினர். 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்து, அதை மீட்கப் பல பத்தாண்டுகள் காத்திருந்தவர்கள். அவர்கள் தமிழ் வேறு ஓசையில் இருக்கும். அதைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் எங்களில் சிலரிடம் இருக்கிறது, எனக்கு அது பெரிய மனவருத்தம். விடுதியில் தேநீர் கொண்டுவரும் அண்ணனிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசுங்கள். அந்தானை தேயிலை நூதனசாலைக்குப் போனால் பழைய இயந்திரங்களைப் பார்க்கும்போது அவற்றை ஓட்டிய கைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டோவில் ஏறுமுன் விலை பேசுங்கள். கேட்காமலே மாணிக்கக் கடைக்கோ மூலிகைத் தோட்டத்துக்கோ கொண்டுபோக வெளிக்கிட்டால், வேண்டாம் என்று நேரே சொல்லிவிடலாம்.

பின்னவல யானைகள் காப்பகம், நுவரெலியா எல்லாவற்றையும் இதிலேயே சேர்க்கலாமா?

வேண்டாம். நுவரெலியா தனிப் பயணம்.

கூட்டமில்லாத இடம் ஏதாவது?

கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்க. பேராதனைக்கு மேற்கே, ஓட்டோவில் மூன்றையும் ஒரே காலையில் சுற்றலாம். முதல் இரண்டும் 14ஆம் நூற்றாண்டு. கடலாதெனிய முழுக்கக் கல், அதை அமைத்தவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. தூணையும் படியையும் பார்த்தாலே அந்தக் கைவழி தெரியும். லங்காதிலகவில் பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். எம்பக்க கதிர்காமத் தெய்வத்துக்கான கோயில். மரத்தூண்களில் மல்லர், அன்னம், இருதலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று ஒவ்வொரு முகத்திலும் ஒரு சிற்பம். பிள்ளைகளிடம் 'எத்தனை மிருகம் கண்டுபிடிப்பாய்?' என்று போட்டி வையுங்கள், ஒரு மணித்தியாலம் அங்கேயே போய்விடும்.

திரும்பி வரும்போது எங்கே நிற்கலாம்?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியோரமே இருக்கிறது. ராஜகோபுரம் 108 அடி. 1983 கலவரத்தில் தீயைக் கண்ட கோயில், மறுபடி எழுந்து நிற்கிறது. மாசி மகத்துக்குப் போனால் பஞ்சரத பவனியில் ஐந்து தேரும் வீதிக்கு வரும். அதற்கு வடக்கே நாலந்தா கெடிகே. தென்னிந்தியக் கோயில் அமைப்பில் உள்ள சிறிய கற்கட்டடம், நீர்த்தேக்கத்தில் மூழ்காமலிருக்கக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டினார்கள். இரண்டையும் பார்த்துவிட்டு மதியம் ஒரு மணிக்கு முன் தம்புள்ளையைத் தாண்டினால், இருட்டி ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் வீடு வந்து சேரலாம். வீட்டுக்கு மாத்தளைக் கறுவாவும் கிராம்பும் வாங்குங்கள், ஊரில் வாங்குவதைவிட மணம் கூட.